தாய் சேய் நலமும் தலைமைப் பயிற்சியும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்னர், மனையியல் பயிலும் எம் மாணவியர் சிலருடன் அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அவ்வூர் அங்கன்வாடியில் குழந்தைகளின் எடையைக் குறிக்கும் பதிவேடு எம் கண்ணிற் பட்டது. அழகிய கையெழுத்து; அடித்தல் திருத்தல் யாதும் இல்லை. அதன்கண் ஒரு பெண் குழந்தையின் எடை, ஒன்பதாம் மாதத்தில் ஏழு கிலோ, பத்தாம் மாதத்தில் ஏழு கிலோ, பதினோராம் மாதத்திலும் ஏழு கிலோ என்று எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு மாதத்துப் பக்கத்தின் அடியிலும் மேற்பார்வையாளரின் கையொப்பம் இருந்தது. மூன்று மாத காலமாக ஒரு குழந்தை வளரவில்லை. அதற்கு மூன்று கையொப்பங்கள் சான்று பகர்ந்தன. ஏன் என்று வினவினார் ஒருவரும் இலர்.

எடை குறைந்த குழந்தை இஃது என்று காட்டும் கோட்டிற்குக் கீழே அக்குழந்தை இன்னும் இறங்கவில்லை. ஆதலின் ஏட்டளவில் அஃது இயல்பான குழந்தையே. ஒன்பதாம் மாதத்தில் அக்கோட்டிற்கு மேலே நன்கு நின்றது. பதினோராம் மாதத்தில் அதனைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் இவ்வாறே கழியின், அது 'குறைவுடைய குழந்தை' என்ற வரிசையிற் சேர்க்கப்பட்டிருக்கும். அப்பொழுது அதற்கு உதவியும் வந்திருக்கும். வழுக்கி வீழ்கின்ற குழந்தையை, வீழ்ந்த பின்னரே தூக்குவோம் என்று காத்திருத்தல் எத்தகைய காவல்?

ஊழியரை வினவினோம். "எடை போட்டு எழுதச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன், அம்மா" என்றார். அவரைக் குறை கூற எமக்கு வாயெழவில்லை. சிறுவரைப் பாட்டும் கதையும் சொல்லி இருத்துதல், சமையலைக் கவனித்தல், ஊர்க் கணக்கெடுத்தல், ஏட்டிலும் கைப்பேசியிலும் பதிதல் என அவருக்குள்ள வேலை பல. அவருக்கு எழுதக் கற்பித்தவர் உளர்; எழுதியதைப் படிக்கக் கற்பித்தவர் இலர்.

பின்னர் அக்குழந்தையின் வீட்டிற்குச் சென்றோம். தாய் வேலைக்குப் போயிருந்தாள். பாட்டியே குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். சோறு வடித்த கஞ்சித் தெளிவையே நாள்தோறும் புகட்டி வந்தாள். அரசாங்கத்தார் அளித்த சத்துமாவுப் பொட்டலம் மாடத்திற் பிரிக்கப்படாமலே கிடந்தது. எம் மாணவி ஒருத்தி அவ்வீட்டுப் பானையிலிருந்த சோற்றையும் பருப்பையும் எடுத்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் குழைய மசித்தாள். "இதையா குடுக்கச் சொல்லுறே, தாயீ? பிள்ளைக்கு மாந்தம் வந்துடாதா?" என்று பாட்டி அஞ்சினாள். மாணவி மறுத்துரையாது, "நீங்களே ஒரு வாய் ஊட்டிப் பாருங்க, பாட்டி" என்றாள். குழந்தை உண்டது. இதற்குச் சென்ற காலம் கால் மணி நேரம்.

அன்று தொட்டு எம் உள்ளத்தை உறுத்திவரும் எண்ணத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம். தாய் சேய் நலத்தில் நம் நாடு இன்று இழந்து நிற்பது உணவுமன்று, அறிவுமன்று. அவ்விரண்டையும் தாயின் மடிவரை கொண்டு சேர்க்கும் தலைமையே என்பது எம் கருத்து. அத்தலைமை, பதவியோடு தானே வந்து சேர்வதன்று. முறையாகப் பயிற்றுவித்தே பெறற்பாலது. அப்பயிற்சியை அளித்தல் எம் போன்ற கல்லூரிகளின் கடன்.

உணவு இல்லையோ எனின், பசித்த சிறுவர்க்குச் சோறிடுவதில் தமிழ்நாடு பிற நாடுகட்கு வழிகாட்டியது என்று கூறின் அது மிகையாகாது. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை நகராண்மைக் கழகத்தார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு அளித்தனர். 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவலாயிற்று. 1975-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் இந்திய அரசாங்கத்தார் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினர். அங்கன்வாடிகள் அதன் வழித் தோன்றியவையே. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் எழுந்தது. கருவுற்ற தாய்மார்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் பொருளுதவியும் அளிக்கும் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் வழங்குகின்றது.

அறிவு இல்லையோ எனின், உணவு பற்றிய ஆராய்ச்சியின் தொட்டில்களுள் ஒன்று நம் நீலகிரி மலையிலேயே ஆடியது. இராபர்ட் மக்காரிசன் என்பார் 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் ஓர் அறையிற் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வோர் அறையே பின்னர் ஊட்டவியல் ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டவியல் நிறுவனமாக விளங்குகின்றது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் 1928-ஆம் ஆண்டில் இந்தியா போந்து, பம்பாயில் ஆலைத் தொழிலாளருள் கருவுற்ற பெண்டிரை வாட்டிய ஒருவகை இரத்தச்சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சின்னாள் தங்கி உழைத்தார். ஈஸ்டிலிருந்து வடித்த மலிவான சாறு அந்நோயைத் தீர்க்கின்றது என்று 1931-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே பிற்காலத்திற் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் நூற்றெண்பது நாள் உண்ணுமாறு அளிக்கப்படும் மாத்திரையில் இரும்போடு கலந்திருப்பது அதுவே.

இனி, பயனை நோக்குவோம். 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மகப்பேறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றது. இது பெருமைக்குரியதே. ஆயின் அதே ஆய்வு, கருவுற்ற பெண்டிருள் நூற்றுக்கு 48.3 பேர் இரத்தச்சோகை உடையர் என்றும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு 57.4 பேர் அந்நோய் உடையர் என்றும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர் என்றும் கூறுகின்றது. முந்திய ஆய்வோடு ஒப்பிடின், உயரக் குறைவு சிறிது தணிந்துளது. இரத்தச்சோகையோ தாயரிடத்தும் சேயரிடத்தும் கூடியுளது. லூசி வில்ஸ் அம்மையார் தம் ஆராய்ச்சியை வெளியிட்டுத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. மருந்து உண்டு, அஃது இலவசமாகவும் கிடைக்கின்றது, நோய் மட்டும் நீங்கிற்றில்லை.

இதன் காரணம் யாது? மாத்திரை உண்டால் வயிறு குமட்டும், மலம் கறுக்கும். அதனைக் கண்டு அஞ்சும் பெண்ணுக்கு, இஃது இயல்பு, இரவு உணவுக்குப் பின் உண்க என்று கூறுவார் வேண்டும். மாத்திரை உண்டால் குழந்தை கறுத்துப் பிறக்கும் என்றும், மிகுதியாக உண்டால் குழந்தை பெருத்துப் பேறு கடினமாகும் என்றும் அயலார் கூறுவர். அதனை மறுக்காமலே மாற்றுவார் வேண்டும். உணவோடு தேநீர் பருகின் இரும்புச்சத்து உடலிற் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேரின் நன்கு சேரும். இச்சிறு செய்தி அடுக்களைக்குள் நுழைய வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தை விடுத்துச் சீம்பாலை ஊட்டுமாறு, பேறு பார்க்க வந்த மாமியையும் அம்மாயியையும் இணங்குவிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் பெரிய விஞ்ஞானம் அன்று; ஆயின் ஒன்றும் தானே நிகழ்வதும் அன்று.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளன், மருத்துவன், மருந்து, மருந்தை அருகிருந்து அளிப்பவன் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்றார். நால்வகையுள் முதல் மூன்றினுக்கும் நாம் கோடிக்கணக்கிற் பொருள் செலவிட்டோம். நான்காமவரை மறந்தோம்; மறந்திலமாயினும், அவர் கையில் ஏட்டைக் கொடுத்து எழுத்தராக்கினோம்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு மாறான ஒரு காலமும் இருந்தது. 1980-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தனர். எல்லாக் குழந்தைக்கும் என்றும் உணவளித்தல் அதன் நோக்கமன்று. எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து, தொண்ணூறு நாள் அதற்குச் சத்துணவு ஊட்டி, தாய்க்கு அதன் காரணத்தை விளக்கி, எடை ஏறியபின் நிறுத்திவிடுதலே அதன் முறை. ஏறத்தாழ 1,500 மக்களுக்கு ஒரு பணியாளர். பத்துப் பணியாளர்க்கு ஒரு மேற்பார்வையாளர். வட்டாரத்திற்கு ஒரு பயிற்றுநர். பணியாளரைத் தெரிந்தெடுத்த முறையும் நோக்கற்பாலது. அவ்வூரிலேயே வாழும் ஏழைப் பெண்ணாயிருந்தும் தன் குழந்தையை நன்கு வளர்த்தவள் எவளோ, அவளுக்கு முதலிடம் அளிக்க முயன்றனர். அவளைக் காணும் பிற தாயர், "இவளுக்கு இயன்றது எமக்கும் இயலும்" என்று எண்ணுவர் அன்றோ?

அத்திட்டத்தால் கடுமையான ஊட்டக்குறைவு தெளிவாகத் தணிந்தது. இடைத்தரக் குறைவு அத்துணை விரைவில் தணியவில்லை. அத்திட்டம் குறையற்றது என்று யாம் கூறவில்லை. இரண்டாம் கட்டமும் முடிந்து 1997-ஆம் ஆண்டோடு அது நிறைவெய்திற்று. யாம் அதிலிருந்து கொள்ளும் பாடம் ஒன்றே. அங்கே மேற்பார்வையாளரின் வேலை கையொப்பமிடுதல் அன்று, கற்பித்தல். பத்துப் பேரை மட்டும் அவர் கவனித்தமையின், எந்த ஊரில் எந்தக் குழந்தை தளர்கின்றது என்பதை அறிந்திருந்தார். பணியாளர் தடுமாறின், உடன் சென்று அத்தாயின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். தலைமை என்று யாம் கூறுவது இதனையே.

இதனைக் கற்பிக்க இயலுமா? இயலும் என்று கருதிச் செயலாற்றியோர் உளர். அமெரிக்க நாட்டில் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் பகுதி தாய் சேய் நலத்திற்கென வகுக்கப்பட்டது. அதன்வழி வந்த பொருளைக் கொண்டு பல்கலைக்கழகங்கள் சிலவற்றிற் பொதுச் சுகாதார உணவியலாருக்குத் தலைமைப் பயிற்சி அளித்து வந்துள்ளனர். அத்தலைமைக்குரிய திறன்களைத் தன்னைச் சார்ந்தவை, பிறரைச் சார்ந்தவை, பரந்த சமூகத்தைச் சார்ந்தவை என மூவகையாகப் பகுத்தனர். பகுப்பு அந்நாட்டினதாயினும், அதன் பொருளை நம் மண்ணிற்கேற்ப நாமே விரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தன்னை அறிதல். பட்டம் பெற்ற உணவியலார் ஒருவர், நாள்தோறும் பாலும் முட்டையும் பழமும் உண்க என்று கூலிவேலை செய்யும் தாய்க்குக் கூறிவிட்டு வருதல் எளிது. அவ்வாரத்து முட்டை விலையையும் அவள் அன்றாடக் கூலியையும் அறியாது கூறும் அறிவுரை, பசித்தவன் முன் படித்துக் காட்டும் விருந்துப் பட்டியலை ஒக்கும். வேலியோரத்து முருங்கைக்கீரையும், கேழ்வரகுக் கூழும், வேர்க்கடலையும் அவள் கைக்கெட்டுவன என்பதை, அவள் அடுக்களையிற் சின்னாள் மாணவராய் அமர்ந்தவரே அறிவர்.

இரண்டாவது, பிறரை வளர்த்தல். ஊழியரின் பிழையைப் பலர்முன் எடுத்துரைத்து நாணச் செய்வது அதிகாரம், அவர் ஏட்டை அவரோடிருந்து படித்து, "இக்குழந்தையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று வினவுவது தலைமை. முன்னையதால் ஏடு திருந்தும். பின்னையதாற் குழந்தை பிழைக்கும்.

மூன்றாவது, சமூகத்தை ஒன்றுபடுத்தல். குழந்தையின் எடை உணவினால் மட்டும் ஏறுவதன்று. குடிநீர் தூயதன்றேல் வயிற்றுப்போக்கு, உண்டதைக் கொண்டுபோய்விடும். தாய் வேலைக்குச் செல்லும் இடத்திற் பாலூட்ட நிழலும் நேரமும் இன்றேல், தாய்ப்பால் பற்றிய அறிவுரை பயன்படாது. 2017-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் ஐம்பது பேருக்குக் குறைந்த ஆலைக்குக் குழந்தைக் காப்பகத்தை வற்புறுத்தவில்லை. வயலிற் களை பறிப்பவளுக்கோ அச்சட்டத்தின் நிழல் எட்டவில்லை. ஆதலின் உணவியலார் கிராமச் சுகாதாரச் செவிலியரோடும், ஊராட்சியாரோடும், ஆலை முதலாளியோடும் அமர்ந்து பேச வல்லவராதல் வேண்டும். பேசவும், கணக்குக் காட்டவும், மறுப்பைப் பொறுக்கவும், மீண்டும் சென்று கேட்கவும் அவருக்குக் கற்பிக்க வேண்டும். இவை எந்தப் பாட நூலிலும் ஓர் அதிகாரமாக இன்று இல்லை.

இங்ஙனம் கூறுங்கால் எழும் தடைகள் சிலவற்றிற்கு விடை கூறுதல் கடன். பயிற்சிக்குச் செலவிடும் பொருளில் முட்டை வாங்கித் தரலாகாதா என்பர் சிலர். முட்டையும் வேண்டும். ஆயின் மாடத்திற் கிடந்த அச்சத்துமாவுப் பொட்டலத்தை அவர்கட்கு நினைவூட்டுகின்றோம். பிரிக்கப்படாத பொட்டலத்திற்கும் நாடு விலை கொடுத்தே இருக்கின்றது. தலைவர் பிறக்கின்றனர், ஆக்கப்படுவதில்லை என்பர் வேறு சிலர். பிறவித் தலைவர்க்காகக் காத்திருக்குமளவு அக்குழந்தைகட்குக் காலமில்லை. மருத்துவர் இருக்கின்றாரே என்பர் மற்றுஞ் சிலர். ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவர் நோயாளர் வரிசையை விட்டு எழுந்து ஊரூராய் எடைப் பதிவேட்டைப் படித்தல் இயலாது. அவருக்குத் துணையாக வட்டாரந்தோறும் பயிற்சி பெற்ற உணவியலார் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

இனி எம் கல்லூரி செய்யற்பாலது யாது? கருவுற்ற நாள் தொட்டுக் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை ஏறத்தாழ ஆயிரம் நாள். அவ்வாயிரம் நாளிற் பெற்ற வளர்ச்சியே வாழ்நாள் முழுமைக்கும் அடிப்படை என்றும், அப்பொழுது இழந்ததைப் பின்னர் முழுதும் ஈடுசெய்தல் அரிது என்றும் அறிஞர் கூறுவர். பள்ளியிற் சோறிடும் கை அந்நாட்களில் அக்குழந்தையை எட்டுவதில்லை. எம் இளங்கலைப் படிப்போ மூன்றாண்டு. ஆயிரம் நாள் அதனுள் அடங்கும். ஆதலின், உணவியல் பயிலச் சேரும் ஒவ்வொரு மாணவியும், மாணவனும், முதற்பருவத்திலேயே அண்மை ஊரிற் கருவுற்ற ஒரு தாயின் இசைவு பெற்று, அவளையும் அவள் சேயையும் பட்டம் பெறும் நாள் வரை திங்களுக்கு இருமுறையேனும் கண்டு வருவாராக. விரிவுரையிற் கற்ற ஒவ்வொன்றும் அவ்வீட்டிற் பலித்ததோ இல்லையோ என்று எழுதுவாராக. மூன்றாம் ஆண்டில், இரண்டு அங்கன்வாடி ஊழியரோடு இணைந்து, தாம் அறிந்ததை அவர்க்குக் கற்பித்து, அவர் அறிந்ததைத் தாம் கற்பாராக. தேர்வாளர் வினாத்தாளோடு நில்லாது, அவ்வூர்க்கும் சென்று மதிப்பிடுவாராக.

இப்பாடங்களைத் தமிழில் நடத்துதல் இன்றியமையாதது. ஆங்கிலத்திற் கற்ற சொற்களோடு பாட்டியின் திண்ணைக்குச் செல்லும் மாணவர், மாந்தம் என்ற ஒரு சொல்லுக்கு விடையிறுக்க மாட்டாது திகைப்பர். பழைய மாணவர்களுள் அரசாங்க அலுவலிலும் ஆலைகளிலும் உயர்ந்த நிலையில் இருப்போர் பலர்; அவர்கள் பயிற்சிக் களங்களையும் பதவிகளையும் ஏற்படுத்தித் தருதல் வேண்டும். எம் பட்டதாரிகள் நகரத்து மருத்துவமனைகளையே நாடுகின்றனர் என்று யாம் வருந்துவதுண்டு. ஊரில் அவர்க்கு இருக்கை இடாதவர்கள் அவர்களைக் கடிந்து பயனில்லை.

வேலூரில் 1918-ஆம் ஆண்டிற் பெண்டிர்க்கு மருத்துவப் பள்ளி கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கியிராது, வழியோர மரநிழல்களில் நோயாளரைத் தேடிச் சென்று கண்டார். தம் சீடரின் பாதங்களைக் கழுவிய பெருமானைப் போற்றும் ஒரு கல்லூரிக்குத் தலைமை என்பதன் பொருளை வேறொருவர் உரைக்க வேண்டுவதில்லை.

அச்சிற்றூருக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்றோம். அக்குழந்தையின் பெயருக்கு நேரே ஏழு கிலோ நானூறு கிராம் என்று எழுதப்பட்டிருந்தது. அதனினும் எம்மை மகிழ்வித்தது வேறொன்று. கோட்டிற்குக் கீழே இறங்காதிருந்தும் எடை ஏறாத வேறு இரண்டு குழந்தைகளின் பெயர்களை அவ்வூழியர் தாமே சிவப்பு மையாற் சுழித்து வைத்திருந்தார். "இந்த வீடுகளுக்கு இன்று சாயங்காலம் போகிறேன், உங்கள் பிள்ளைகளில் ஒருத்தி கூட வருவாளா, அம்மா?" என்று வினவினார். எம் மாணவியர் மூவர் எழுந்தனர்.